ஆவுடையப்பன் வீட்டுத் தேன்சிட்டு

கிட்ட வந்து உட்காருங்கள். அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தால் நான் கத்த வேண்டிவரும். கத்தினால் எனக்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் கதை பாதியில் நிற்கும். ஆங், அப்படித்தான். இன்னும் கொஞ்சம்.

சிற்றாற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரம், குளம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு அடுப்படி, ஒரு கிணறு. அங்கே இருந்தவளை ஊரில் எல்லாரும் தாயி என்பார்கள். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் எழுபது வயதுக்காரர்களும் அவளிடம் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

தாயிக்குக் கோபம் சட்டென்று வரும். ஞானம் வந்தவர்களுக்குக் கோபம் வராது என்று சொல்கிறவர்கள் ஆவுடையப்பனைப் பார்க்காதவர்கள்.

இந்த ஆவுடையப்பன்தான் சிஷ்யர். அறுபது தாண்டியவர். இரும்புக்கடை வைத்திருந்தார். கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்த மூன்றாம் நாளே மடத்துக்கு வந்துவிட்டார்.

"தாயி, கை சும்மா இருக்கு. மனசு சும்மா இருக்க மாட்டேங்கு. என்ன செய்யட்டும்?"

தாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுக்குப் பின்னால தோட்டம் இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு."

"குருவி வருமா?"

"வரும்னுதான் நினைக்கேன். நான் கவனிச்சதில்ல."

"கவனியும்."

"கவனிச்சு?"

"கவனிச்சு ஒண்ணும் செய்யாதேயும்."

"அவ்வளவுதானா?"

"முதல்ல அது முடியுதான்னு பாரும்."

ஆவுடையப்பன் போனார். அடுக்களைக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் ஒரு வாரம் அந்த மனிதர் சொன்னபடிதான் இருந்தார். கம்பியும் ஆங்கிளும் எடை போட்டே காலம் கழித்தவருக்குத் தன் வீட்டுப் பின்னாலேயே இத்தனை கூத்து நடக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறிக்கொண்டே, ஒன்று பேச மற்றதெல்லாம் குறுக்கே பேசும். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத தையல்சிட்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடும். குழாயடியில் சொட்டுகிற தண்ணீர் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. கொண்டை வைத்த சின்னான் குருவி இரண்டு வந்து அதில் முங்கி, சிலிர்த்து, மறுபடி முங்கும். ஆவுடையப்பன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு இருந்தார். அவர் மனைவி உலகம்மாள் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மகனுக்குப் போன் போட்டு, "அப்பா தனியா உக்காந்து சிரிக்காக, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ" என்றாள்.

ஒரு வாரம்தான். அடுத்த வாரம் ஆவுடையப்பன் மடத்து வாசலில் நின்றார்.

"தாயி, இப்ப ஒரு குருவியும் குளிக்க வர மாட்டேங்கு."

"ஏன்? என்ன செய்தீரு?"

"ஒண்ணும் செய்யல."

"அண்ணாச்சி."

"குழாய் ஒழுகிக்கிட்டுக் கிடந்துதுல்லா, அதுக்கு ஒரு வாஷர் போட்டேன். அந்தச் சகதியில பாவம் குருவி குளிக்குதேன்னுட்டு, நல்ல பளிங்குத் தொட்டியா ஒண்ணு வாங்கி வச்சேன். வழவழன்னு இருக்கும் தாயி. ஆளுயரத்துக்கு ஒரு காலு அதுக்கு."

தாயி கீரையைக் கீழே வைத்தாள்.

"வாஷரைக் கழட்டும்."

"தொட்டி?"

"தொட்டியில நீரு குளியும்."

வாஷரைக் கழற்றினார். குட்டை வந்தது. சின்னான் வந்தது. அதோடு விட்டாரா? தவிட்டுக்குருவிகள் சண்டை போடுகின்றன என்று கம்பை எடுத்துக்கொண்டு போய்ச் சமாதானம் பண்ணினார். போனில் குயில் சத்தம் எங்கிருந்தோ பிடித்து வைத்துக்கொண்டு மாமரத்தடியில் நின்று ஓட்டினார். மரத்துக்குள்ளே இருந்த நிஜக் குயில் பறந்தே போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் மடத்துக்கு வருவார். ஒவ்வொரு தடவையும் தாயி நெற்றியில் கை வைத்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் தேன்சிட்டு கூடு கட்டியது.

அடுக்களை ஜன்னலுக்கு எதிரே ஒரு செம்பருத்தி. அதன் கிளை நுனியில், எட்டிப் பிடிக்கிற உயரத்தில், ஒட்டடையும் நாரும் சருகும் சேர்த்து அந்தப் பெட்டைக்குருவி ஒரு சுருக்குப்பை மாதிரி கட்டித் தொங்கவிட்டது. பக்கவாட்டில் வாசல். வாசலுக்கு மேலே மழை உள்ளே போகாமல் சின்னதாக ஒரு இறவாரம். ஆண்குருவி கழுத்தெல்லாம் ஊதா மின்ன, வேலை ஒன்றும் பார்க்காமல் கூடவே பறந்துகொண்டிருக்கும்.

"உங்களை மாதிரியே" என்றாள் உலகம்மாள்.

முட்டை வைத்ததுதான் தாமதம், ஆவுடையப்பன் தெருவையே கூட்டிவிட்டார். முக்காலி போட்டு ஏறிப் பார்த்தார்கள். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார்கள். எதிர்வீட்டுச் சண்முகத்தாய் மூன்று தடவை வந்து, கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். மதில் மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. அது தினமும் உட்காருகிற காக்கா. அதை யார் கவனித்தார்கள்?

மறுநாள் காலையில் கூடு பிய்ந்து நாராகத் தொங்கியது. கீழே முட்டை ஓட்டுத் துண்டு.

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்து அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"கண்ணு பட்டுட்டு தாயி. அந்தச் சண்முகத்தாய் விட்ட மூச்சுல்லா மூச்சு!"

தாயி அவருக்கு மோர் கொடுத்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். பேசாமல் போனதால் ஒத்துக்கொண்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

குருவிக்குச் சலிப்பு கிடையாது. அதே செம்பருத்தியில் இன்னொரு கிளையில் மறுபடி கட்டியது. மறுபடி முட்டை வைத்தது. இந்தத் தடவை ஆவுடையப்பன் மூச்சு விடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் ஒருநாள் வெயில் ஏறுகிற நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க மடத்துக்கு ஓடி வந்தார்.

"தாயி, பெட்டை கூட்டுக்குள்ள போக மாட்டேங்கு. துணி காயப்போடுத கொடிக்கம்பியில உக்காந்து காலையில இருந்து கத்துது. முட்டை ஆறிப்போகுமே!"

"என்ன செய்தீரு?"

"ஒண்ணும்..."

"அண்ணாச்சி!"

"காவலுக்கு ஒரே ஒரு திருஷ்டிப் பொம்மை."

"எது? புது வீடு கட்டுதவங்க தொங்கவிடுவாங்களே, நாக்கைத் தள்ளிக்கிட்டு, மீசை வச்சுக்கிட்டு?"

"அதேதான். கூட படிகாரம். எலுமிச்சம்பழமும் மிளகாயும். ஒரு சின்ன மணி."

"மணி எதுக்கு?"

"கடையில பொம்மையோட சேத்துத் தந்தான்."

"அந்த மூஞ்சி எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு?"

ஆவுடையப்பன் யோசித்தார்.

"கூட்டைப் பாத்துத்தான். காவலுக்குல்லா வச்சது!"

தாயி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டும். இங்க நிக்காதேயும். ஓடிப்போய்க் கழட்டும்."

நாலடி ஓடியவர் திரும்பி நின்றார்.

"கழட்டி எங்க மாட்டட்டும் தாயி?"

"நீரு முகம் பாக்குத கண்ணாடி மேல!"

சொன்னபடி மாட்டவும் செய்தார். பொட்டு வைக்கப் போன உலகம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கைலியோடு ஓடி வந்தார்.

பெட்டை கூட்டுக்குள் போனது. முட்டை பொரிந்தது. பிறகு பாருங்கள், அந்த வீட்டில் நேரம் பார்க்கவே கடிகாரம் வேண்டியதில்லாமல் போயிற்று. புழுவை வாயில் வைத்துக்கொண்டு பெட்டை வரும். கொடிக்கம்பியில் உட்கார்ந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கும். சட்டென்று பாய்ந்து கூட்டு வாசலில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒரே அமளி. அப்புறம் அமைதி. ஆவுடையப்பன் அடுக்களை ஜன்னலை விட்டு நகரவே இல்லை. உலகம்மாள் அவருக்கு அங்கேயே சோறு போட்டாள்.

இந்த மனிதர் இனி தேறிவிட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவருக்கு ஒரு மகள், வடிவு. சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்து வருஷம் ஒன்று ஆகவில்லை. சம்பந்தி குத்தாலிங்கம் பெரிய ஜவுளிக்கடைக்காரர். கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று, "பாயசத்துல முந்திரியை யாராவது பாத்தா சொல்லுங்கப்பா" என்று நாலு பேர் கேட்கச் சொன்னவர். அந்த வீட்டில் வடிவு பிறந்த வீட்டைப் பற்றி எது பேசினாலும், மாமனார் அரைச் சிரிப்புச் சிரிப்பார். மேலே பேச விடாத சிரிப்பு. வடிவு அதைத் தகப்பனிடம் சொன்னதில்லை. அம்மாவிடம் சொன்னாள், அம்மா தகப்பனிடம் சொன்னாள்.

ஆவுடையப்பனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் வடிவு போனில் பேசும்போது அவருக்கு வாய் நிற்கவில்லை. தேன்சிட்டைச் சொன்னார். குஞ்சைச் சொன்னார். மறுநாள் வடிவே கூப்பிட்டாள். குரலில் அப்படி ஒரு வெளிச்சம்.

"அப்பா, மாமாகிட்ட சொன்னேன். இத்தனை பக்கத்துலயா கட்டியிருக்குன்னு கேட்டாக. பாக்கணும்னாக அப்பா! அவுகளே சொன்னாக!"

அதற்கப்புறம் ஆவுடையப்பன் சம்பந்திக்குப் போன் மேல் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவாயிற்று. அந்தச் சந்தோஷத்தோடு மடத்துக்கு வந்தார்.

"தாயி, நீங்களும் வரணும். நீங்க இருந்தா எனக்கு ஒரு கௌரதை."

தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளைக்கு மத்தியானம் உம்ம வீட்டுல சோறு உண்டா?"

"என்ன தாயி இப்படிக் கேக்கீக! பாக்கியம்லா!"

சனிக்கிழமை மத்தியானம் தாயி வந்தாள். தனியாக வரவில்லை. மடத்தில் சமைக்கிற சிவனணைஞ்சான், தண்ணீர் இறைக்கிற பூவம்மா, வழியில் அகப்பட்ட நாலைந்து பேர். உலகம்மாள் பதறிப்போய் இலைகளை அறுக்க ஓடினாள்.

"எங்களுக்கு இலை வேண்டாம் உலகம்மா. அண்ணாச்சிக்கு மட்டும் போடு."

"நீங்க சாப்பிடலையா?"

"நாங்க பாக்க வந்தோம்."

ஆவுடையப்பன் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தார். சோறு விழுந்தது. எல்லாரும் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர் குழம்பைப் பிசைந்தார். எல்லாரும் குனிந்தார்கள்.

"எம்மா, எப்படிப் பிசையுதாக பாருங்களேன்!" என்றாள் பூவம்மா.

"உருட்டுதாக, உருட்டுதாக!" என்றார் ஒருவர்.

ஆவுடையப்பன் வாய்க்குக் கொண்டுபோனார். சிவனணைஞ்சான் போன் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு முகத்தருகே வந்தான்.

"இன்னும் நல்லாத் தொறங்க அண்ணாச்சி. உள்ள தெரிய மாட்டேங்கு."

பூவம்மா வாசலுக்குப் போய், "ஏளா சண்முகத்தாய், வந்து பாரு, அண்ணாச்சி சாப்பிடுதாக!" என்று கூப்பிட்டாள். சண்முகத்தாயும் வந்து நின்றாள். அவள் வழக்கப்படி ஒரு பெருமூச்சு விட்டாள்.

ஆவுடையப்பனுக்கு விக்கியது. தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய் எடுத்தார். முடியவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

"ஏன் பாதியில எந்திரிச்சிட்டீரு? குழம்பு நல்லா இல்லையா?"

"குழம்புக்கு என்ன? இத்தனை பேரு வாயைப் பாத்துக்கிட்டு நின்னா எப்படித் தாயி எறங்கும்?"

தாயி வந்தவர்களை அனுப்பிவிட்டாள். அவர் கை கழுவப் பின்பக்கம் போனார். அவளும் போனாள். கை கழுவிக்கொண்டே அவர் கண் தன்னால் செம்பருத்திக்குப் போயிற்று.

"அண்ணாச்சி, அந்த மதில் மேல யாரு?"

"காக்கா. அது எப்பவும் அங்கதான் இருக்கும்."

"அது எங்க பாக்குது?"

அவர் திரும்பினார். காக்கா கழுத்தைச் சாய்த்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்தது.

ஆவுடையப்பன் வெடுக்கென்று முகத்தைக் கிணற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். காக்காவும் கிணற்றைப் பார்த்தது.

வெகுநேரம் அவர் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு..." என்றார். "அன்னைக்குத் தெருவே நின்னு பாத்துச்சே தாயி. நான்தானே முக்காலி போட்டேன்."

துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"நாளைக்கு சம்பந்தி வாராரு."

"ஆமா."

"வராதீகன்னு எப்படிச் சொல்ல? எம் பிள்ளை அங்கல்லா வாழுது? முதல் தடவையா அந்த மனுசன் நம்ம வீட்டைப் பாக்கணும்னு வாய் தொறந்து சொல்லியிருக்காரு."

"சொல்லச் சொன்னேனா?"

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

தாயிக்குக் குரல் ஏறிவிட்டது.

"ஒண்ணும் செய்யாதேயும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? அப்பல்லாம் உமக்குக் காது கேக்கல. வாஷர் போட்டீரு, பஞ்சாயத்துப் பண்ணினீரு, மணி கட்டினீரு. இப்ப மட்டும் வந்து என்ன செய்யட்டும், என்ன செய்யட்டும்னு! எனக்குத் தெரியாது. நான் நாளைக்கு வாறேன், வந்து உக்காந்திருக்கேன். அவ்வளவுதான்."

போயே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. குத்தாலிங்கம் இறங்கினார். அவர் மனைவி இறங்கினாள். பின்னாலேயே வடிவு இறங்கினாள். தகப்பனைப் பார்த்ததும் அவள் முகம் பூத்தது. மாமனார் மாமியாரைப் பிறந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வரும்போது அவள் நடையிலேயே ஒரு மிடுக்கு இருந்தது.

"எங்க சம்பந்தி உம்ம அதிசயம்? அதை முதல்ல பாத்திருவோம்" என்றார் குத்தாலிங்கம்.

எல்லாரும் தோட்டத்துக்கு வந்தார்கள். தாயி முன்னமே வந்து நாற்காலியில் உட்கார்ந்து சீடை தின்றுகொண்டிருந்தாள். பெட்டைச்சிட்டு புழுவோடு கொடிக்கம்பியில் உட்கார்ந்திருந்தது. ஆட்களைப் பார்த்துவிட்டு அசையாமல் இருந்தது. மதிலில் காக்கா.

செம்பருத்தி கை நீட்டினால் எட்டும். சம்பந்தியின் தோள் அதை உரசிக்கொண்டுதான் நின்றது. ஆனால் சாதாரணமாகப் பார்க்கிறவர்களுக்கு அது கூடு என்று தெரியாது. ஏதோ குப்பை ஒட்டிக்கொண்டு தொங்குகிறது என்றுதான் இருக்கும்.

"எங்க வே?"

ஆவுடையப்பன் தாயியைப் பார்த்தார். தாயி இன்னொரு சீடையை எடுத்து வாயில் போட்டாள். மகளைப் பார்த்தார். மகள் சிரித்துக்கொண்டு நின்றாள். காக்காவைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது.

அவர் கை எழும்பியது. செம்பருத்திக்கு நேராக வந்தது. அங்கே நிற்கவில்லை. அதைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, தோட்டத்துக் கடைசி முருங்கை வரைக்கும் போயிற்று.

"அந்தா. முருங்கை உச்சியில."

முருங்கையில் பீர்க்கங்கொடி ஏறிக் கிடந்தது. விதைக்கு விட்ட பீர்க்கங்காய் ஒன்று காய்ந்து, தோல் கிழிந்து, நார்க்கூடாகத் தொங்கியது.

"என்னங்க, அது நம்ம..." என்று ஆரம்பித்தாள் உலகம்மாள். ஆவுடையப்பன் அவள் காலை மிதித்தார்.

எல்லாரும் முருங்கையடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்கள்.

"பீர்க்கங்கூடு மாதிரில்லா இருக்கு?" என்றாள் சம்பந்தியம்மாள்.

"தேன்சிட்டு அப்படித்தான் கட்டும் சம்பந்தியம்மா."

"குஞ்சு?"

"உள்ள இருக்கு."

"ஒரு அசைவும் காணோமே."

"கூச்சப்படும்."

குத்தாலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு அந்த அரைச் சிரிப்பைச் சிரித்தார்.

"இதுக்கா வே அத்தனை போன்? எங்க கடை ஷட்டர்ல சிட்டுக்குருவி கட்டுது, இதைவிட நல்லாருக்கும். கை எட்டுத தூரம்னு எம் மருமக சொன்னா. ஏணி வச்சாலும் எட்டாது போலுக்கே! உங்க வீட்டுல எல்லாமே சொல்லுதது ஒண்ணு, இருக்கது ஒண்ணு."

வடிவின் தலை குனிந்தது.

ஆவுடையப்பனுக்குக் காது சிவந்துவிட்டது. வாய் ஒரு தடவை திறந்தது. 'வாரும், இங்க வந்து பாரும், நான் பொய் சொல்லுத ஆளா' என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோக எவ்வளவு நேரமாகும்? பத்தடி. அந்தப் பத்தடியை அவர் நடக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாருடைய முதுகும் செம்பருத்திப் பக்கம்தான் இருந்தது. அப்போது பின்னால் இருந்து அந்தச் சத்தம் கேட்டது. இறக்கை உரசுகிற சின்னச் சத்தம். அடுத்து உள்ளே இருந்து குஞ்சுகளின் அமளி. பட்டென்று அமைதி.

சம்பந்திக்குக் கேட்கவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார். வடிவுக்குக் கேட்டது. அவள் தலையைத் தூக்கினாள். திரும்பப் போனவள், தகப்பன் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணால் கெஞ்சினார். அவள் மதிலைப் பார்த்தாள். முருங்கையைப் பார்த்தாள். திரும்பவில்லை.

"மாமா, வெயிலு ஏறுது. உள்ள போவோம்" என்றாள். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னாள். மாமனார் முன்னால் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவரும் ஏதோ யோசனையாக நடந்துவிட்டார்.

உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது தோட்டத்தில் சடசடவென்று சத்தம்.

"என்ன அது?" என்றார் சம்பந்தி.

ஆவுடையப்பன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். காக்கா முருங்கை உச்சியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அந்தப் பீர்க்கங்கூட்டைக் கிழித்துக்கொண்டிருந்தது. நார் பறந்தது. கறுப்பு விதைகள் பொலபொலவென்று கொட்டின. அது கூட்டுக்குள் தலையை விட்டுத் தேடியது, வெளியே எடுத்தது, மறுபடியும் விட்டுத் தேடியது.

ஆவுடையப்பன் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

"காத்து" என்றாள் வடிவு. "நீங்க காப்பியைக் குடிங்க மாமா, ஆறுது."

சாயங்காலம் அவர்கள் கிளம்பினார்கள். காரில் ஏறும்போது குத்தாலிங்கம், "அடுத்த தடவை போன் வேண்டாம் சம்பந்தி, ஒரு கார்டு போட்டாப் போதும். அவசரமில்ல" என்றார். ஆவுடையப்பன், "போடுதேன் சம்பந்தி" என்றார். வடிவு தகப்பன் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஏறிக்கொண்டாள்.

கார் போனதுதான் தாமதம், மனிதர் தோட்டத்துக்கு ஓடி வந்தார். நெஞ்சு இவ்வளவுக்கு விரிந்திருந்தது.

"தாயி! பாத்தீகளா? இந்தக் கை இருக்கே, இது தானாத் திரும்பிச்சு தாயி! காக்காவே ஏமாந்துட்டுல்லா! இதை நாளைக்குக் கடைத்தெருவுல போய்ச் சொன்னா..."

தாயி அவரைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்" என்றார்.

"சரி."

"ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"சரி, சரி."

காலை மாற்றி நின்றார். துண்டை எடுத்து மறுதோளில் போட்டார்.

"தாயி..."

"இன்னும் என்ன?"

"இப்ப யாரும் இல்லல்லா? காக்காகூட முருங்கையிலதான் கிடக்கு. நான் ஒரே ஒரு தடவை கிட்டப் போய்... ரெண்டு குஞ்சா மூணு குஞ்சான்னு மட்டும்..."

தாயி ஒரு மூச்சு விட்டாள். சண்முகத்தாய் எல்லாம் தோற்றாள், அப்படி ஒரு மூச்சு. எழுந்தாள். தன் நாற்காலியைத் தூக்கி மதிலைப் பார்த்துப் போட்டாள். அடுக்களைக்கு வெளியே கிடந்த அவருடைய நாற்காலியையும் இழுத்து வந்து பக்கத்தில் போட்டாள். இரண்டுக்கும் முதுகு செம்பருத்திப் பக்கம்.

"உக்காரும்."

உட்கார்ந்தார். எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த வெறும் மதில்.

"இங்க என்ன தாயி இருக்கு பாக்க?"

"ஒண்ணும் இல்ல."

தாயி கண்ணை மூடிக்கொண்டாள். ஆவுடையப்பன் மதிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொடிக்கம்பி லேசாக அதிர்ந்தது. தலைக்குப் பக்கத்தில் ஏதோ விர்ரென்று போயிற்று. பிறகு முதுகுக்குப் பின்னால் குஞ்சுகள் ஆளுக்கு முன்னால் ஆள் கத்தின. அவ்வளவு கிட்டத்தில், பிடரியில் மூச்சுப் படுகிற மாதிரி. அவர் முகம் முழுக்க மெதுவாகச் சிரிப்பு பரவியது.

அமைதி ஆயிற்று. மறுபடி கம்பி அதிர்ந்தது. மறுபடி விர்ர். மறுபடி அமளி.

"மூணு" என்றார் கிசுகிசுப்பாக. "தாயி, மூணு! ஒண்ணு மட்டும் கொஞ்சம் இளைச்ச குரலு."



மூன்றாம் தடவை விர்ரென்றது. ஆவுடையப்பனின் கழுத்து, அவருக்கே தெரியாமல், துளித்துளியாகப் பின்பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

தாயி கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அவர் தாடையைப் பிடித்து மதில் பக்கம் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டாள்.